காத்திருக்கும் வீட்டில் ஒரு சிரிப்பு



புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்டதும் நெஞ்சம் நடுங்காதார் இலர். எனினும், அந்நோய் புகுந்த இல்லங்களில் பழகியவர்கள், அதனினும் கடுமையான சொல் ஒன்று உண்டென்பதை அறிவார்கள். "அடுத்த வாரம் வாருங்கள்" என்பதே அச்சொல். நோய் இன்னதென்று தெரிந்துவிட்டது. சிகிச்சையோ இன்னும் தொடங்கவில்லை. கத்தி படவில்லை, மருந்து ஏறவில்லை, கதிர் பாயவில்லை. ஆயினும் வீடு முழுவதுமே நோயில் விழுந்ததுபோல் கிடக்கிறது. அடுப்பு எரிகிறது, யாருக்கும் பசியில்லை. பாய் விரிக்கப்படுகிறது, யாருக்கும் உறக்கமில்லை. இந்த இரண்டு மூன்று வாரங்கள் எத்துணை நீளமானவை என்பதைக் கடந்து வந்தவர்களே அறிவர்.

சிகிச்சை தொடங்கிவிட்டால் எங்கிருந்தோ ஒரு துணிவு வந்துவிடுகிறது. இன்று இன்ன மருந்து, நாளை இன்ன பரிசோதனை என்று கைகளுக்கு வேலை கிடைக்கிறது. காத்திருக்கும் நாட்களிலோ கைகள் சும்மா இருக்கின்றன. மனம் மட்டும் ஓயாமல் ஓடுகிறது. அந்நாட்களை ஒரு குடும்பம் எவ்வாறு கழிக்க வேண்டும் என்பதைப் பற்றியே இத்திங்கள் உங்களோடு உரையாட விரும்புகிறேன். அதனூடே சிரிப்பைப் பற்றியும் சில சொல்லப் போகிறேன். "நோயாளி இருக்கும் வீட்டில் சிரிப்பா?" என்று முகம் சுளிக்க வேண்டாம். இறுதிவரை படித்தபின் தீர்ப்பளியுங்கள்.

ஏன் காக்க வைக்கிறார்கள்?

முதற்கண் ஒரு குழப்பத்தை நீக்கிக்கொள்வோம். நாள் தள்ளித் தந்தவுடன், "நம்மைக் கைவிட்டுவிட்டார்கள் போலும்" என்று ஒரு சாரார் கலங்குகின்றனர். "ஏழைகள் என்பதால் அலைக்கழிக்கிறார்கள்" என்று மற்றொரு சாரார் சினமுறுகின்றனர். கூட்ட மிகுதியாலும் இயந்திரங்கள் போதாமையாலும் சில இடங்களில் தாமதம் நேர்வதுண்டு, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்நாட்களில் பெரும்பகுதிக்குத் தக்க காரணம் உண்டு.

புண்ணிலிருந்து எடுக்கப்பட்ட சிறு துணுக்கு அன்றே சோதிக்கப்படுவதில்லை. அது பதப்படுத்தப்பட்டு, மெழுகில் பதிக்கப்பட்டு, தலைமயிரினும் மெல்லிய சீவல்களாகச் சீவப்பட்டு, சாயம் ஏற்றப்பட்ட பின்னரே மருத்துவர் அதனை உருப்பெருக்கியின் வழியாகக் காண்கிறார். ஐயம் இருப்பின் வேறு சாயங்களும் ஏற்றிப் பார்க்க வேண்டியுள்ளது. பயாப்சி என்று நாம் சொல்வது இதைத்தான். "கத்தி பட்டால் நோய் பரவிவிடும்" என்றொரு பேச்சு நம் ஊர்களில் உண்டு. அப்பேச்சுக்கு அஞ்சிச் சோதனைக்கே போகாமல் இருந்து, நோயை முற்ற விட்டவர்கள் பலர். சோதித்துப் பாராமல் எந்த மருத்துவரும் இந்நோய்க்குச் சரியான வழி சொல்ல இயலாது.

அடுத்து, நோய் எம்மட்டும் சென்றுள்ளது என்பதை ஸ்கேன் எடுத்து அறிய வேண்டும். அறுவை மருத்துவரும், கதிர்வீச்சு மருத்துவரும், மருந்தியல் மருத்துவரும் கூடி எது முதலில், எது பின்னர் என்று முடிவு செய்ய வேண்டும். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் மயக்க மருந்தைத் தாங்கும் அளவுக்கு வர வேண்டும். வாயிலோ தொண்டையிலோ கதிர்வீச்சு தருவதாயின் பழுதான பற்களை முன்னதாகவே பிடுங்கி, அப்புண் ஆறும்வரை இரண்டு வாரங்களேனும் பொறுக்க வேண்டும். ஏனெனில் கதிர்வீச்சு பெற்ற தாடையெலும்பில் பிற்பாடு பல் பிடுங்கினால் அந்தப் புண் எளிதில் ஆறுவதில்லை. வெந்நீரில் இளகும் வலை போன்ற பிளாஸ்டிக் தகட்டை முகத்தின்மேல் அழுத்தி, அவரவர்க்கென்று ஒரு முகமூடியும் செய்கிறார்கள். கதிர் பாயும்போது தலை இம்மியும் அசையாதிருப்பதற்காக அது. இவையெல்லாம் விதைப்புக்கு முந்திய உழவு போன்றவை. உழாத நிலத்தில் விதைத்தவன் அறுப்பதில்லை.

ஆகவே மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்: "ஐயா, இந்த நோய்க்கு எத்தனை நாள் பொறுக்கலாம்? எதற்காகப் பொறுக்கிறோம்?" விடை தெரிந்த காத்திருப்பு பாதி பாரம் குறைந்த காத்திருப்பு. குறித்த நாள் தவறினால் வீட்டிலிருந்து வருந்தாமல் நேரில் சென்று விசாரியுங்கள். இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இந்த இடைவெளியில்தான், "அதற்குள் இந்த லேகியத்தைத் தின்று பாருங்கள், அறுவையே வேண்டாம்" என்று அழைக்கிறவர்கள் வந்து சேர்கிறார்கள். அவர்கள் பின்னே போய், ஆறு மாதம் கழித்து, கட்டி பெரிதான பிறகு மருத்துவமனைக்குத் திரும்பியவர்கள் உண்டு. காத்திருத்தல் வேறு; காலங்கடத்துதல் வேறு.

நடத்துநர் படித்த பலகை

எங்கள் பங்கைச் சேர்ந்த பெரியவர் ஒருவர். முப்பது ஆண்டுகள் பேருந்து நடத்துநராக உழைத்து ஓய்வு பெற்றவர். அவருடைய இசைவோடுதான் இதனை எழுதுகிறேன். பெயரை மட்டும் விட்டுவிடுகிறேன். பேருந்தில் விசிலை விட அவர் வாய்தான் அதிகம் ஒலித்தது என்பார்கள். அதே வாயில் புகையிலையும் அடங்கியிருந்தது. கன்னத்தின் உட்புறம் ஒரு புண் வந்து மாதக்கணக்கில் ஆறவில்லை. நம் நாட்டு ஆண்களிடையே வாய்ப்புற்று மிகுதியாகக் காணப்படுவதற்குப் புகையிலையும் பாக்குமே முதன்மையான காரணங்கள் என்பதை நீங்கள் அறிவீர்கள். சோதனை முடிவு வந்தபோது அஞ்சியதே உறுதியாயிற்று.

முடிவை வாங்கி வந்தவர் மகன். அன்றிரவே மகனும், மகளும், மருமகனும் கூடிப் பேசி ஒரு தீர்மானத்துக்கு வந்தனர். "அப்பாவுக்குத் தெரியக் கூடாது, தெரிந்தால் தாங்க மாட்டார்." சத்துக் குறைவினால் வந்த வாய்ப்புண் என்றும், சின்னதாக ஒரு அறுவை செய்தால் சரியாகிவிடும் என்றும் அவரிடம் சொன்னார்கள். அன்பினால் சொன்ன பொய் அது. நம் வீடுகளில் நூற்றுக்குப் பாதிப்பேர் இதையே செய்வோம்.

அதன்பின் அந்த வீட்டுக்குள் ஒரு நாடகம் தொடங்கிற்று. தொலைக்காட்சியின் ஓசை தணிந்தது. மகள் அடுக்களையில் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். மனைவி இரவெல்லாம் இயேசுவின் திரு இருதயப் படத்தின் முன் முழந்தாளிட்டிருந்தார். கணவர் கேட்டால், "ஒன்றுமில்லை, தூக்கம் வரவில்லை" என்றார். வந்த உறவினர் பெரியவரின் முகத்தைப் பாராமல் சுவரைப் பார்த்தே பேசினர். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிக்க முடியாது. பொய்யைக் காத்து நிற்கிறவனுக்குக் காவலே பெரும் வேலை. சிரிப்பதற்கு அவனுக்கு ஏது ஓய்வு?

பத்தாம் நாளோ பதினோராம் நாளோ இரவு உணவு வேளையில், கஞ்சியைக் கையில் வைத்துக்கொண்டு பெரியவர் மகனைப் பார்த்தார். "தம்பி, 'போர்டு பார்த்து ஏறுங்க, போர்டு பார்த்து ஏறுங்க'ன்னு முப்பது வருசம் தொண்டை கிழியக் கத்துனவன் நான். என்னைய ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய் ஏத்தி இறக்குறீங்களே, அந்த வாசல்ல இருக்கிற போர்டை நான் படிச்சிருக்க மாட்டேனா?"

வீடு உறைந்து நின்றது. முதலில் சிரித்தவர் மனைவிதான். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அப்படியே அழுகையாயிற்று. பிறகு மகள் அழுதாள், மகன் அழுதான். பெரியவர் மட்டும் கஞ்சியைக் குடித்து முடித்துவிட்டு, "சரி, எந்த ஸ்டேஜ்ல நிக்குது வண்டி? அதைச் சொல்லுங்க" என்றார். நோயின் நிலையைக் குறிக்கும் சொல்லும், பேருந்துக் கட்டணப் பிரிவைக் குறிக்கும் சொல்லும் ஒன்றாயிருப்பதை அவர்தாம் கண்டுபிடித்தார்.

அன்று முதல் அந்த இல்லத்தில் மூச்சு விட முடிந்தது என்று மகள் கூறினாள். அறுவைக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. பெரியவர் ஊருக்குள் நடந்தார். "அவர் டிக்கெட் வாங்கிவிட்டாராமே" என்று யாரோ தேநீர்க் கடையில் பேசியது காதில் விழவே, நேரே உள்ளே சென்று, "நான் கண்டக்டரப்பா. எனக்கு டிக்கெட் குடுத்துத்தான் பழக்கம், வாங்கிப் பழக்கமில்ல" என்று சொல்லி ஒரு தேநீரும் வாங்கிக் குடித்துவிட்டு வந்தார். அந்தக் கடையில் அன்றுமுதல் அவரைக் கண்டு எவரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

இவ்வளவோடு நிறுத்தினால் இது வெறும் துணுக்காகிவிடும். அறுவைக்கு நான்கு நாள் முன்னர், நள்ளிரவில், அவர் மனைவியை எழுப்பினார். "கூவிக் கூவிப் பிழைச்ச வாய் இது. வெட்டுன பிறகு பேச்சு வராமப் போயிட்டா நான் யாரு?" என்று கேட்டுத் தேம்பினார். தாம் சாவுக்கு அஞ்சவில்லை, ஊமையாவதற்கே அஞ்சுவதாகச் சொன்னார். அந்த அம்மையார் சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, "நாப்பது வருசமா உங்க வாயைத்தான் நான் கேட்டேன். இனிமே என் வாயை நீங்க கேளுங்க" என்றாராம். இருவரும் இருளிலே சிரித்தார்களாம், விடியும்வரை பேசிக்கொண்டிருந்தார்களாம்.

சிரிப்பு அந்த மனிதரின் அச்சத்தைப் போக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அச்சத்தை வெளியே சொல்லும் துணிவை அது தந்தது. பொய் இருந்த பத்து நாட்களில் அவர் ஒரு முறையும் அழவில்லை. ஏனெனில் அழுவதற்கும் அங்கே இடமில்லை. சிரிக்க இடமுள்ள வீட்டில்தான் அழவும் இடமுண்டு. அந்த இடத்தைத் திறந்து வைக்கும் திறவுகோல் உண்மை.

அறுவை நல்லபடி முடிந்தது. இன்று அவர் பேசுவது குழறலாகத்தான் வருகிறது. எனக்குப் பாதி விளங்குவதில்லை. மனைவி விளக்கிச் சொல்கிறார். சில வேளைகளில் அவர் சொன்னதும் அம்மையார் முதலில் சிரித்துவிட்டே விளக்குகிறார். அதிலிருந்தே அது வேடிக்கைப் பேச்சு என்று எனக்குத் தெரிந்துவிடுகிறது.

ஒரு திருத்தந்தையின் காத்திருப்பு

திருத்தந்தை 23-ஆம் அருளப்பரை நம்முள் மூத்தவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். வடஇத்தாலியில் சோத்தோ இல் மோந்தே என்னும் சிற்றூரில், 1881-இல், ஏழை உழவர் குடும்பமொன்றில் பிறந்தவர். வத்திக்கானில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று கேட்டவரிடம், "ஏறத்தாழப் பாதிப்பேர்" என்று அவர் விடையிறுத்ததாக வழங்கும் கதையை அறியாதார் குறைவு.

1962 செப்டம்பரில் அவருக்கு வயிற்றில் புற்று இருப்பது கண்டறியப்பட்டது. அடுத்த மாதம் 11-ஆம் நாள்தான் அவர் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தைத் தொடங்கி வைத்தார். உலக அமைதியைப் பற்றிய தமது சுற்றுமடலை 1963 ஏப்ரல் 11-இல் வெளியிட்டார். அதன்பின் இரண்டு மாதங்கூட அவர் உயிரோடிருக்கவில்லை. அந்நாட்களில் கவலையோடு நின்ற மருத்துவரிடம், தம் பயண மூட்டைகள் எப்போதோ கட்டியாயிற்று, கலங்க வேண்டாம் என்று அவரே ஆறுதல் கூறினார்.

அவரால் அவ்வாறு பேச முடிந்ததன் பின்னணியில் ஓர் உடன்பாடு உண்டு. இளங்குருவாக இருந்தபோது அவர் பெர்காமோ ஆயர் ரதினி தெதெஸ்கியின் செயலராகப் பணியாற்றினார். அந்த ஆயரும் 1914-இல் புற்றுநோயால் இறந்தவரே. அவருடைய இறுதி வேளை வந்தபோது அதனை மறைக்காமல் எடுத்துரைத்தவர் இந்த இளங்குரு. தமக்கும் அந்நேரம் வரும்போது அவ்வாறே சொல்ல வேண்டும் என்று தம் செயலர் லோரிஸ் கப்போவில்லாவிடம் அவர் கேட்டுக்கொண்டிருந்தார். 1963 மே 31-ஆம் நாள் கப்போவில்லா அந்த வாக்கைக் காப்பாற்றினார். ஊரிலிருந்து உடன்பிறந்தார் வந்து படுக்கையருகே நின்றனர். ஜூன் 3-ஆம் நாள் மாலை திருத்தந்தை இறைவனடி சேர்ந்தார். 2014-இல் திருச்சபை அவரைப் புனிதரென்று அறிவித்தது. மறைப்பில்லாத நட்பு ஒன்று அருகிருந்ததால், அவரால் இறுதிவரை தாமாகவே இருக்க முடிந்தது.

சிரிப்பு யாருடையது?

இதைப் படித்துவிட்டு, நாளையே நோயாளி வீட்டுக்குச் சென்று நகைச்சுவை பேசத் தொடங்கிவிடாதீர்கள். நோயைப் பற்றிச் சிரிக்கும் உரிமை நோயுற்றவருடையது. அவர் கதவைத் திறந்தால் நாம் உள்ளே போகலாம். நாமாகத் திறத்தல் ஆகாது. தலைமயிர் உதிர்ந்த பெண் தன்னைத்தானே கேலி செய்துகொள்ளலாம். அதையே அண்டை வீட்டார் சொன்னால் அது முள்.

"எப்போதும் மகிழ்ச்சியாக இரு, நோய் ஓடிவிடும்" என்று அவர்களை நெருக்கவும் கூடாது. நார்மன் கசின்ஸ் என்னும் அமெரிக்கப் பத்திரிகையாளர், பத்து நிமிடம் வயிறு குலுங்கச் சிரித்தால் இரண்டு மணி நேரம் வலியின்றி உறங்க முடிந்தது என்று 1979-இல் வெளியிட்ட நூலில் எழுதினார். அவருக்கு வந்தது முதுகெலும்பையும் மூட்டுகளையும் பற்றிய நோய், புற்றன்று. சிரிப்பு இறுகிய நெஞ்சைத் தளர்த்தும், சற்று நேரம் வலியை மறக்கச் செய்யும். கட்டியைக் கரைக்காது. அதற்கு அறுவையும் கதிரும் மருந்துமே வேண்டும். "நான் போதிய அளவு சிரிக்கவில்லை, அதனால்தான் நோய் முற்றிற்று" என்று ஒரு நோயாளி தன்னை நொந்துகொள்ளும்படி செய்வது பெருங்கொடுமை.

துன்பம் வரும்போது நகைக்கச் சொன்ன வள்ளுவர், அத்துன்பம் இல்லையென்று சொல்லவில்லை. சாராள் முதலில் சிரித்தது நம்ப முடியாத சிரிப்பு. தன் முதுமையை எண்ணிச் சிரித்தாள். ஆண்டவர் அவளைத் தள்ளிவிடவில்லை. பிறந்த மகனுக்கு ஈசாக்கு என்று பெயர் வந்தது. சிரிப்பு என்பதே அப்பெயரின் பொருள். அவநம்பிக்கையோடு சிரித்த சிரிப்பையும் இறைவன் ஏற்று, அதையே ஆசீராக மாற்றினார் அன்றோ?

அன்புக்குக் கைகள் உண்டு

குடும்பத்தின் ஆதரவு என்றால் சுற்றி உட்கார்ந்து பெருமூச்சு விடுவதென்று பலர் எண்ணுகின்றனர். பாசம் கைகளுக்கு இறங்கி வர வேண்டும். மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துயரத்தை அவர் நெஞ்சிலேயே பூட்டி வைத்திருக்கவில்லை. இடைவிடாது முயன்று, 1954-இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்படச் செய்தார். பன்னிரண்டு படுக்கைகளோடு தொடங்கிய இடம் அது. மறு ஆண்டு அங்கே பணியேற்ற மருத்துவர் சாந்தா அம்மையார், 2021-இல் மறையும்வரை அந்நோயாளிகளுக்காகவே வாழ்ந்தார். ஒரு தமக்கையின் கண்ணீர் எத்தனை ஆயிரம் வீடுகளுக்கு ஆறுதலாயிற்று!

நாம் மருத்துவமனை கட்ட வேண்டியதில்லை. நம்மால் ஆவன பல உண்டு. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றை முன்கூட்டியே அதில் எழுதுங்கள். ஒருவர் கேட்கட்டும், மற்றொருவர் விடையைக் குறிக்கட்டும். கலங்கிய மனத்துக்குக் காதிருந்தும் கேட்பதில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். இல்லையெனில் குடும்ப அட்டை, வருமானச் சான்று ஆகியவற்றோடு அலைய வேண்டிய அலைச்சலை மருமகனோ தம்பியோ ஏற்கட்டும். தொலைவிலுள்ள மருத்துவமனைக்கு இரயிலில் செல்லும் புற்றுநோயாளிக்கும் துணையாகச் செல்பவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. அதற்குரிய சான்றை மருத்துவமனையில் கேட்டுப் பெறுங்கள். வீட்டில் எவரேனும் புகையிலையைத் தொட்டால், நோயாளி விடும் அன்றே அவரும் விட்டுவிடட்டும். அதைவிட உறுதியான ஆறுதல் மொழி இல்லை.

நோயுற்றவரின் வேலைகளைப் பிடுங்கிக்கொள்ளாதீர்கள். உடல் தாங்குமட்டும் அவர் கடைக்குப் போகட்டும், கணக்கு எழுதட்டும், பேரப்பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லட்டும். அவரைக் கேளாமல் அவரைப் பற்றி எதையும் முடிவு செய்யாதீர்கள். சிறு பிள்ளைகளுக்கும் அவர்களுக்கு விளங்கும் அளவில் உண்மையைச் சொல்லுங்கள். சொல்லாவிடில் தங்கள் குறும்பினால்தான் தாத்தாவுக்கு நோய் வந்ததென்று அவர்களாகவே நினைத்துக்கொள்வதுண்டு. புற்றுநோய் தொற்றுவதில்லை. அவருக்கென்று தனித் தட்டும் தனிக் குவளையும் வைக்கிற கொடுமை நம் இல்லங்களில் வேண்டாம்.

பார்த்துக்கொள்கிறவரையும் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும். பெரும்பாலும் அது மனைவியாகவோ மகளாகவோ இருக்கும். அவர் உண்டாரா, உறங்கினாரா என்று கேட்பார் இல்லை. வாரத்தில் ஒரு நாள் அவர் வெளியே சென்று வர வழி செய்யுங்கள்.

உற்றார் உறவினருக்கு ஒரு சொல். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் அவரோடு தரையில் அமர்ந்து வாய் திறவாதிருந்தார்கள். அந்த ஏழு நாளும் நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள். வாய் திறந்த பிறகே தொல்லை தொடங்கிற்று. "எங்கள் சித்தப்பாவுக்கும் இதேதான், மூன்றே மாதம்" என்று சொல்வதற்காக ஒருவர் வீட்டுக்குப் போக வேண்டுமா? "என்ன பாவம் செய்தாரோ" என்று முணுமுணுப்பதும் நம் விசுவாசமன்று. பத்து நிமிடம் இருங்கள். ஒரு வேளைக் குழம்பு வைத்துக் கொண்டு போங்கள்.

கடைசி நிறுத்தமா?

நோயிற்பூசுதலைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். முன்பு நாம் இதனை "அவஸ்தைப்பூசுதல்" என்றோம். குருவானவர் எண்ணெயோடு வந்தால் முடிவு வந்துவிட்டது என்று பொருள். அதனால் நோயாளி நினைவிழக்கும்வரை அழைக்காமலே இருந்துவிடுவர். இந்த அருட்சாதனம் இறக்கும் தறுவாயில் உள்ளவர்களுக்கு மட்டும் உரியதன்று என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் தெளிவுபடுத்திற்று. திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் 1972-இல் இதன் சடங்குமுறையைப் புதுப்பித்தார். கடுநோயின் பொருட்டு அறுவைக்குச் செல்கிறவர், அதற்கு முன்னரே இதனைப் பெறலாம், பெறுவது நலம். காத்திருக்கும் அந்த வாரங்களே இதற்கு ஏற்ற காலம்.

நடத்துநர் வீட்டில் இதை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது அவர் இடைமறித்தார். "புரியுது சாமி. இது கடைசி ஸ்டாப்பு இல்ல, டிப்போ. எண்ணெய் போட்டு, எல்லாம் செக் பண்ணி, மறுபடியும் ரூட்டுக்கு அனுப்புவீங்க." மறைக்கல்வி வகுப்பில் இதைவிடச் சுருக்கமாக ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை. அன்று குடும்பத்தார் அனைவரும் சூழ்ந்து நிற்க அவர் பூசுதல் பெற்றார். செபங்களுக்கு அவரே உரத்த குரலில் மறுமொழி சொன்னார்.

நம் ஆண்டவரும் காத்திருந்தவரே. மறுநாள் வரவிருப்பது இன்னதென்று அறிந்தே கெத்செமனித் தோட்டத்தில் ஓர் இரவைக் கழித்தார். அச்சமும் கலக்கமும் தம்மை வாட்டுவதை அவர் சீடரிடம் மறைக்கவில்லை. கூட இருந்த மூவரிடமும் அவர் கேட்டது மிகச் சிறியது: தம்மோடு விழித்திருக்க வேண்டும் என்பதே. அதைக்கூடச் செய்ய இயலாமல் அவர்கள் உறங்கிப்போனார்கள்.

உங்கள் அன்பியத்தில் இன்று ஏதேனும் ஒரு வீடு, "அடுத்த வாரம் வாருங்கள்" என்ற சொல்லோடு காத்திருக்கக்கூடும். அந்த வீடு எதுவென்று விசாரித்து அறியுங்கள். அவர்களுக்காகச் செபமாலை சொல்லுங்கள். சொல்லி முடித்ததும், அடுத்த முறை மருத்துவமனைக்கு அவர்களோடு யார் போவது என்பதையும் அங்கேயே முடிவு செய்துவிட்டு எழுந்திருங்கள். உங்கள் சொந்த வீட்டிலேயே நோயை மறைத்து வைத்த நாடகம் ஏதேனும் நடந்துகொண்டிருந்தால், இன்றிரவு உணவு வேளையில், பொறுமையாக, கையைப் பிடித்துக்கொண்டு, உண்மையைப் பேசத் தொடங்குங்கள். அவர் எவ்வளவு தாங்குவார் என்பதை அவரே உங்களுக்குச் சொல்வார். ஒருவேளை, அவர் முன்னரே பலகையைப் படித்துவிட்டு, நீங்கள் வாய் திறப்பதற்காகக் காத்துக்கொண்டிருக்கலாம்.

நோயுற்றோர்க்கு ஆரோக்கியமாகிய அன்னை மரியாள் உங்கள் இல்லங்களைக் காப்பாராக. இறைவன் உங்கள் கண்ணீரையும் சிரிப்பையும் ஒருங்கே ஏற்று ஆசீர்வதிப்பாராக.